பீம் தெரியும், பில் தெரியுமா?

இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்களில் இருந்து கொழும்புக்குக் கட்டட வேலைக்குப் போன இளைஞர் ஒருவரை நிறுத்தி, ஸ்டிரப் எத்தனை அங்குலத்துக்கு ஒன்று கட்ட வேண்டும், கொலத்துக்குக் கவர் எவ்வளவு விட வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் சொல்வார். சட்டரிங் எப்போது கழற்றலாம், டி.பி.சி. எந்த மட்டத்தில் வர வேண்டும் என்பதெல்லாம் அவருக்குக் கைப்பழக்கம். கையாளாகப் போனவர் சில வருடங்களில் பாஸ் ஆகிவிடுகிறார். பிறகு ஊருக்குத் திரும்பி நிவித்திகலவிலோ, கஹவத்தையிலோ, பெல்மடுல்லையிலோ ஒரு கடைக் கட்டடத்தைச் சொந்தப் பொறுப்பில் எடுக்கிறார். சிக்கல் தொடங்குவது அங்கேதான். கம்பி, சீமெந்து விஷயத்தில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. ஆங்கிலத்தில் அடித்து, “இங்கே ஒரு கையெழுத்து” என்று நீட்டப்படும் தாள்கள்தான் அவரைக் கவிழ்க்கின்றன.

அந்தத் தாள்களில் முதலில் வருவது பி.ஓ.கியூ. வேலையை வரிவரியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அளவு, அலகு, விலை என்று போட்ட பட்டியல் அது. அடித்தளம் தோண்டுவது ஒரு வரி, கொங்கிரீட் ஒரு வரி, கம்பி இன்னொரு வரி. இலங்கையில் கட்டட வேலையை எப்படி அளப்பது என்பதற்கு எஸ்.எல்.எஸ். 573 என்ற தரநிலை இருக்கிறது. அது மீற்றரில் பேசுகிறது. ஊரோ இன்னமும் கியூபிலும் ஸ்கொயரிலும் பேசுகிறது. ஒரு கியூப் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீற்றர். ஒரு ஸ்கொயர் 100 சதுர அடி, ஏறத்தாழ 9.3 சதுர மீற்றர். மனதில் கியூப் கணக்கை வைத்துக்கொண்டு கன மீற்றர் வரியில் விலையை எழுதினால், போட்டியாளர்களை விட ஏறக்குறைய மூன்று மடங்கு கூடுதலாகக் கேட்டு வேலையை இழக்க நேரும். மறுபக்கமாகத் தவறினால் நிலைமை இன்னும் மோசம்: வேலை கிடைத்துவிடும்!

இதே கியூப் கொங்கிரீட் போடும் நாளில் வேறு வேடத்தில் வருகிறது. 150 மில்லிமீற்றர் அச்சில் வார்த்து, 7 நாளிலும் 28 நாளிலும் நசுக்கிப் பார்க்கும் சோதனைக் கட்டிக்கும் அதுதான் பெயர். கிரேட் 25 என்றால், 28 ஆம் நாளில் அந்தக் கட்டி ஒவ்வொரு சதுர மில்லிமீற்றருக்கும் 25 நியூட்டன் தாங்க வேண்டும். அறிக்கை வராவிட்டால் அந்த சிலாப்புக்கான பணத்தைக் கொன்சல்டன்ட் நிறுத்தி வைக்கலாம். வேலை லேசாகட்டுமே என்று கலவையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவதன் பலன் இந்த அறிக்கையில்தான் தெரியும்.

நிவித்திகலவில் அதிகம் கவனிக்க வேண்டியது, அளந்து காசா, மொத்தக் காசா என்பதை. முதல் வகையில், செய்த வேலையை மறுபடி அளந்து, போட்ட விலைக்குப் பணம் தருவார்கள். இரண்டாவது லம்ப் சம்: பேசிய தொகை பேசியதுதான். சமதரையான ஊரில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாமல் போகலாம். இதுவோ மாணிக்க பூமி. இல்லம் என்று சொல்லும் சரளைப் படையைத் தேடி மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகக் குழி வெட்டிய மண். வெட்டிய குழிகளை மூடியிருப்பார்கள். ஆனால் மூடிய மண் தொடாத மண்ணைப் போல இறுகி நிற்பதில்லை. மேலே புல் முளைத்து ஒழுங்காகத் தெரியும் காணியில், ஒரு மூலை கெட்டியாகவும் மறு மூலை புதைகுழியாகவும் இருக்கலாம்.

பட்டியலில் அடித்தள ஆழம் 1.2 மீற்றர் என்று இருக்கிறது, தோண்டும்போது 2.5 மீற்றர் வரைக்கும் நிரப்பிய மண்தான் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் தோண்டல், கூடுதல் கருங்கல், கூடுதல் கொங்கிரீட். அளந்து காசு என்றால் உரிமையாளர் கொடுப்பார். லம்ப் சம் ஒப்பந்தத்தில், எதிர்பாராத நிலத்தடி நிலைமைக்கு யார் பொறுப்பு என்று எழுதி வைக்காவிட்டால், அது கொந்தராத்துக்காரரின் தலையில் விழும். எனவே இந்தப் பகுதியில் மண் பரிசோதனையைச் செலவு என்று தள்ளிவிடக் கூடாது. போர்ஹோல் போட்டு எஸ்.பி.டி. பார்ப்பதன் சூத்திரம் எளிமையானது. 63.5 கிலோ சம்மட்டியை 760 மில்லிமீற்றர் உயரத்தில் இருந்து விழ விட்டு, குழாய் 300 மில்லிமீற்றர் இறங்க எத்தனை அடி தேவை என்று எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கைதான் ‘என்’ மதிப்பு. இரண்டு மூன்று அடியிலேயே குழாய் இறங்கிவிட்டால் அங்கே மூன்று மாடிக் கனவைச் சற்று ஒத்திவைப்பது நல்லது. பரிசோதனை செய்யாத காணிக்கு, அடித்தள வரிகளைப் புரொவிஷனல் அளவு என்று போடச் சொல்லிக் கேட்கலாம். அளவு தற்காலிகமானது, பிறகு அளந்து தீர்ப்போம் என்பது அதன் பொருள். அந்த ஒரு சொல் இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டு விலை போடுவது இந்த மண்ணுக்கு ஏற்ற புத்தி.

மேட்டுக் காணியானால் அதற்கும் முன்னால் ஒரு சொல் நிற்கிறது: மண்சரிவு அனுமதி. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டட வரைபடத்தைப் பிரதேச சபை ஏற்பதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை வேண்டும் என்று 2011 இல் சுற்றறிக்கை வந்தது. இரத்தினபுரியும் கேகாலையும் அந்தப் பட்டியலில் உள்ளவை. 2016 மே 17 அன்று கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் சாமசர மலை சரிந்ததையும், மறுவருடம் மே மாதக் கடைசியில் இரத்தினபுரி மூழ்கியதையும் பார்த்தவர்களுக்கு இது வீண் தொந்தரவாகத் தோன்றாது. பரிந்துரை நிபந்தனைகளோடும் வரும்: இத்தனை உயரத்துக்கு மேல் மண்ணை வெட்டாதே, வடிகால் போடு, தாங்குசுவர் கட்டு. தாங்குசுவரில் சிலர் மிச்சம் பிடிப்பது வீப் ஹோலில். சுவருக்குப் பின்னால் தேங்கும் நீர் வெளியேற வைக்கும் சிறு குழாய்கள் அவை. பட்டியலில் ஒரே வரி, சில ஆயிரம் ரூபாய். அந்த நீருக்கு வழி இல்லையென்றால் மழைக்காலத்தில் சுவரைத் தள்ளுவது மண் மட்டுமல்ல, தண்ணீரும்.

மழை வந்துவிட்டது, அதற்கும் தாளில் சொல் உண்டு. இ.ஓ.டி. என்றால் கால நீடிப்பு. மழையால் வேலை நின்றது, நாள் கூட்டித் தாருங்கள் என்று எல்லோரும் கேட்பார்கள். ஆனால் வழக்கமான ஒப்பந்தங்கள் ‘வழக்கத்துக்கு மாறான கடும் வானிலை’க்குத்தான் நாள் தருகின்றன. ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் பெய்யும் இரத்தினபுரியில் மே மாத மழை எந்த வகையில் வழக்கத்துக்கு மாறானது? வேலையிடத்து நாட்குறிப்பும் வளிமண்டலவியல் திணைக்களத்தின் மழைப் பதிவும் கையில் இல்லாதவரின் கோரிக்கை அங்கேயே முடிந்துவிடும். நாள் கிடைக்காவிட்டால் எல்.டி. ஓடத் தொடங்கும். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் முன்கூட்டியே குறித்த நட்டஈடு அது. நாளொன்றுக்கு ஒப்பந்தத் தொகையின் 0.05 வீதம், மொத்தத்தில் 10 வீதத்துக்கு மேல் போகாது என்பது பரவலாகக் காணும் அளவு. இரண்டு கோடி ரூபாய் கட்டடத்தில் அது நாளுக்கு 10,000 ரூபாய். விலை போடும்போதே மழை மாதங்களைக் காலக்கணக்கில் சேர்க்காதவர் இந்தப் பணத்தைத் தன் பையில் இருந்துதான் கட்டுகிறார்.

விலையேற்றம் என்ற சொல்லின் கனத்தை 2022 எல்லோருக்கும் காட்டியது. 2021 இல் ஆயிரம் ரூபாய் அளவில் இருந்த 50 கிலோ சீமெந்துப் பை மறுவருடம் மூவாயிரத்தைத் தாண்டியது. விலை மாற்றச் சூத்திரம் இருந்த ஒப்பந்தங்களில், நிர்மாணத் தொழில் அபிவிருத்தி அதிகார சபை வெளியிடும் சுட்டெண்களை வைத்து ஓரளவு ஈடு கேட்க முடிந்தது. நிலையான விலைக்கு ஒப்புக்கொண்டவர்களுக்கு, பாதியில் நிறுத்தினாலும் நட்டம், முடித்தாலும் நட்டம். கழுத்தை நெரிக்கும் விலை மீண்டும் வராது என்று நம்புவது அவரவர் விருப்பம்.

எல்லாவற்றிலும் அதிகமான மனக்கசப்பு ரிடென்ஷனால் வருவது. வேலையின் குறைகளைத் திருத்துவதற்கான பிணையாக ஒவ்வொரு பில்லிலும் 10 வீதம் பிடித்து, அது ஒப்பந்தத் தொகையின் 5 வீதத்தை எட்டியதும் நிறுத்துவது இங்கே பழகிய வழக்கம். இரண்டு கோடியில் 10 இலட்சம். கட்டடத்தை ஒப்படைக்கும்போது பாதி வரும். மீதிப் பாதி குறைபாட்டுக் காலம் முடிந்த பிறகு. அந்தக் காலம் பெரும்பாலும் 365 நாள். பெரிய கொந்தராத்துக்காரர் இதைத் தாங்குவார். அவரிடம் பூச்சு வேலையை உள்கொந்தராத்தாக எடுத்த பாஸ், தன் பதினைந்து இலட்சத்தில் பிடிக்கும் 75,000 ரூபாயின் கடைசிப் பாதியை ஒரு வருடம் காத்திருந்து வாங்க வேண்டும். அந்த 75,000 தான் பல நேரங்களில் அவருடைய முழு இலாபம். கைபேசி இலக்கம் மாறிவிட்டது, ஐயா ஊரில் இல்லை என்று கதை தொடங்கும். உள்கொந்தராத்து வாய்வார்த்தையாக நடந்திருந்தால் எதைக் காட்டிக் கேட்பது?

வேரியேஷனும், அதாவது இடையில் வரும் வேலை மாற்றமும், அப்படித்தான். “இந்தச் சுவரைக் கொஞ்சம் தள்ளிக் கட்டு தம்பி, பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று உரிமையாளர் சொல்வார். தம்பியும் தள்ளிக் கட்டுவார். பில்லில் அது வராது, ஏனென்றால் எழுத்தில் உத்தரவு இல்லை. அன்றைக்கே வாட்ஸ்அப்பில் “நீங்கள் சொன்னபடி சுவரைத் தள்ளிக் கட்டுகிறோம், மேலதிகச் செலவு இவ்வளவு” என்று ஒரு வரி அனுப்பி வைத்தவர், கடைசிக் கணக்கில் பேசுவதற்கு ஒரு பிடியாவது வைத்திருப்பார்.

பெரிய வேலைகளின் தாள்கள் இன்னும் நெடுங்காலம் ஆங்கிலத்தில்தான் வரும் போலிருக்கிறது. உள்கொந்தராத்து எடுக்கும் பாஸ்மார் அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. என்ன வேலை, எந்த அலகில் விலை, எப்போது பணம், எவ்வளவு பிடிப்பு, பிடித்ததை எந்தத் தேதியில் திருப்பித் தருவது என்று ஒரே பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். தமிழில் எழுதினாலும் ஒப்பந்தம் ஒப்பந்தந்தான்.