கேரவனுக்கு வீட்டு பிளக் போதுமா?

சினிமா ஷூட்டிங் பார்த்தவர்களுக்குக் கேரவன் தெரியும். சக்கரம் வைத்த வீடு அது. அதற்குக் கரண்ட் கொடுக்க ஜெனரேட்டரும் கூடவே வந்துவிடும். வெளிநாடுகளில் சாதாரணக் குடும்பங்களே இப்படிப்பட்ட வண்டியில் ஊர் சுற்றுகின்றன. பக்கத்துக் கேரளமும் 2021-இல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது. குற்றாலம் போகிற அப்படியொரு வண்டி, சிவகாசியில் உங்கள் வீட்டு வாசலில் ராத்தங்குகிறது என்று வையுங்கள். ஜன்னல் வழியாக ஒரு ஒயரை இழுத்து பிளக்கில் செருகிவிட்டால் போதாதா?

கணக்குப் போடுவோம். ஏ.சி. 1500 வாட், இண்டக்‌ஷன் அடுப்பு 1800 வாட் என்றால் மொத்தம் 3300 வாட். நம் வீட்டு மின்னழுத்தமான 230 வோல்ட்டால் வகுத்தால் 14 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே வரும்.

டி.வி.க்கும் செல்போனுக்கும் இருக்கும் சின்ன பிளக் பாயிண்ட் தாங்குவது 6 ஆம்பியர்தான். ஏ.சி.க்கும் ஹீட்டருக்கும் வைப்பது 16 ஆம்பியர் பவர் பிளக். அதில் 3680 வாட் வரை எடுக்கலாம். அமெரிக்காவில் பல கேரவன்களுக்கென்றே தனியாக 30 ஆம்பியர் பிளக் வைக்கிறார்கள். அங்கே 120 வோல்ட் என்பதால் அதில் கிடைப்பது 3600 வாட். நம் வீட்டு பவர் பிளக்கே அதைவிடச் சற்றுக் கூடுதல்!

வம்பு எங்கே வருகிறது என்றால், கடையில் விற்கும் கன்வெர்ட்டரில். பெரிய பிளக்கைச் சின்ன பாயிண்ட்டில் செருக வைக்கும் அந்தக் குட்டிப் பெட்டி, பின்களின் வடிவத்தைத்தான் மாற்றும். சுவருக்குள் ஓடும் ஒயரைத் தடிமனாக்காது. கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். 6 ஆம்பியர் இடத்தில் 14 ஆம்பியர் ஓடினால் ஐந்து மடங்குக்கும் மேல். அந்தச் சூடு முதலில் சேர்வது பின்னும் பித்தளையும் தளர்வாகத் தொடும் இடத்தில்தான். பிளாஸ்டிக் பழுப்பேறும், கருகல் நாற்றம் வரும். பாயிண்ட் கருகுவது டிரிப்பருக்குத் தெரியாது. அது எண்ணுவது கரண்டை மட்டுமே.

மூன்று பின்களில் நீளமானது, பருமனானது எதற்கு? அதுதான் எர்த். செருகும்போது முதலில் தொடும், பிடுங்கும்போது கடைசியாக விடும். கேரவனுக்கு இது உயிர்நாடி, ஏனென்றால் வண்டி நிற்பது ரப்பர் டயரில். எர்த் இல்லாத ஒயரில் கரண்ட் கசிந்து வண்டியின் தகர உடம்பில் ஏறினால், இறங்க வழியில்லாமல் அங்கேயே நிற்கும். உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. கதவைப் பிடித்தபடி ஈரத்தரையில் வெறுங்காலை ஊன்றுகிறவருக்குத்தான் ஷாக்.

பட்டாசு ஆலையில் மருந்து அறைக்குள் நுழையுமுன் வாசலில் உள்ள உலோகத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போவார்கள் என்று உங்கள் வீட்டிலேயே யாராவது சொல்லியிருக்கலாம். உடம்பில் சேர்ந்த நிலைமின்சாரம் அந்தத் தகடு வழியாகப் பூமிக்குள் இறங்கிவிடும். எர்த் இல்லாத கேரவனிலிருந்து இறங்கும்போது அந்தத் தகடு நீங்கள்தான்!

இதற்காகவே ஆர்.சி.சி.பி. என்றொரு காவல்காரன் உண்டு. வண்டிக்குள் போன கரண்டையும் திரும்பி வந்த கரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் போதும், நீங்கள் கண் சிமிட்டி முடிப்பதற்குள் இணைப்பைத் துண்டித்துவிடும்.