மார்கரிட்டா பீட்சா தெரியும்... 'எஸ்போசிட்டோ' தெரியுமா? ஒரு குடும்பப் பெயரின் கலங்கவைக்கும் கதை!

வீக் எண்ட் ஆனா ஆப்பைத் திறந்து மார்கரிட்டா பீட்சா ஆர்டர் பண்ற ஆளா நீங்க? அந்த பீட்சாவோட கதையில ஒரு பெயர் வரும்... ரஃபேலே எஸ்போசிட்டோ. 1889-ல் நேப்பிள்ஸ் நகரத்துக்கு வந்த இத்தாலி ராணி மார்கரிட்டாவுக்காக அவர் செய்து கொடுத்ததுதான் இந்த பீட்சா என்பது அந்த ஊரில் பிரபலமான கதை. 'பிரேக்கிங் பேட்' பார்த்தவர்களுக்கு இன்னொருவரும் ஞாபகத்துக்கு வருவார். கஸ் ஃப்ரிங்காக மிரட்டிய ஜான்கார்லோ எஸ்போசிட்டோ. அவருடைய அப்பாவும் நேப்பிள்ஸ்காரர்தான்.

நேப்பிள்ஸில் மிக அதிகமாகக் காணப்படும் குடும்பப் பெயரே இதுதான். ஆனா, அதோட அர்த்தம் கொஞ்சம் கலங்க வெச்சிடும்.

பெயரே இல்லாதவர்களின் பெயர்

ஐரோப்பாவில் குடும்பப் பெயர்கள் பெரும்பாலும் அப்பாவின் பெயர், செய்த தொழில், பிறந்த ஊர் ஆகியவற்றிலிருந்து வந்தவை. 'ஃபெராரி' என்றால் கொல்லர் குடும்பம். சரி, அப்பா யாருன்னே தெரியாத, ஊரும் தெரியாத ஒரு கைக்குழந்தைக்கு பதிவேட்டில் என்ன எழுதுவது? அங்கேதான் எஸ்போசிட்டோ வந்தது. 'எக்ஸ்போசிட்டஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர். 'வெளியே விடப்பட்டவர்' என்று அர்த்தம்.

சுவரில் ஒரு சக்கரம்

நேப்பிள்ஸின் அனுன்சியாட்டா என்ற தேவாலய வளாகத்தில் ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லம் பல நூற்றாண்டுகள் இயங்கியது. அதன் சுவரில் சுழலும் மரப்பெட்டி ஒன்று இருந்தது. 'ரோட்டா', அதாவது சக்கரம் என்பார்கள். வெளியே நிற்பவர் குழந்தையை அதில் வைத்துச் சுழற்றினால், பெட்டி உள்ளே திரும்பும். உள்ளே இருப்பவர் குழந்தையை எடுத்துக்கொள்வார். விட்டவர் முகத்தை யாரும் பார்க்க மாட்டார்கள்.

வறுமை, திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தை என்ற அவமானம், தாயின் நோய்... காரணங்கள் பல. எல்லாருமே மனசு கல்லாகி விட்டுட்டுப் போனவங்க இல்ல. ஃப்ளோரன்ஸ் நகரில் 1445-ல் திறக்கப்பட்ட 'இன்னொசெண்டி' இல்லத்தில், குழந்தையுடன் பாதியாக உடைத்த பதக்கங்களை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மறுபாதி அம்மாவிடம் இருக்கும். என்றாவது திரும்பி வந்தால், இரண்டையும் சேர்த்துப் பார்த்து 'இது என் பிள்ளை' என்று நிரூபிக்கலாம். அந்தப் பாதிப் பதக்கங்கள் இன்றும் அங்குள்ள மியூசியத்தில் இருக்கின்றன. ஆனால், இப்படிப்பட்ட இல்லங்களில் ஏராளமான குழந்தைகள் முதல் பிறந்தநாளைக்கூடப் பார்க்காமலேயே இறந்துபோனார்கள்.

ஊருக்கு ஒரு பெயர்

ஒவ்வொரு நகரமும் இந்தக் குழந்தைகளுக்கு ஒவ்வொரு பெயர் வைத்தது. ஃப்ளோரன்ஸில் இல்லத்தின் பெயரே குடும்பப் பெயரானது. 'இன்னொசெண்டி' என்றால் களங்கமற்றவர்கள். மிலன் மருத்துவமனையின் சின்னம் புறா என்பதால், அங்கே 'கொலம்போ'. ரோமில் 'ப்ரொயெட்டி', எறியப்பட்டவர்கள். ஒரே நிலைமைதான். ஆனா, ஒரு ஊர் களங்கமற்றவன்னு சொல்லுது, இன்னொரு ஊர் எறியப்பட்டவன்னு சொல்லுது!

பள்ளி, வேலை, கல்யாணம் என எங்கே போனாலும், வாயைத் திறந்து பெயரைச் சொன்னதுமே பிறப்பின் ரகசியம் வெளியே வந்துவிடும். இது அநியாயம் என்று உணர்ந்த பிறகு, 19-ம் நூற்றாண்டில் இப்படிப் பெயர் வைப்பதற்கே தடை வந்தது. 1875-ல் நேப்பிள்ஸின் சக்கரமும் மூடப்பட்டது.

பெயர் மட்டும் நிற்கவில்லை. அந்தக் குழந்தைகள் வளர்ந்து, கல்யாணம் செய்து, பிள்ளைகள் பெற்று, பேரன் பேத்திகளுக்கும் அதைக் கொடுத்தார்கள். அதனால ரெண்டு எஸ்போசிட்டோக்கள் சந்திச்சா அவங்க சொந்தக்காரங்களா இருக்கணும்னு அவசியமே இல்ல.

'இவன் வேற' என்று தனியாகக் காட்ட வைத்த பெயர்தான். இன்னிக்கு நேப்பிள்ஸ்ல தடுக்கி விழுந்தா ஒரு எஸ்போசிட்டோ. இனி அந்தப் பெயரை வெச்சு யாரையும் தனியா காட்டவே முடியாது!