சாலையில் துணை, மலையில் தடை

சென்னையிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில் சேலம் சாலை பிரியும் ஊர் உளுந்தூர்பேட்டை. தெற்கு நோக்கி வரும் சேலம் பேருந்து இங்கே மேற்கே போக வலப்புறம் வளைகிறது. அப்போது உள்ளே நிற்பவர்கள் என்ன ஆகிறார்கள்? எல்லோரும் ஒன்றுபோல் இடப்பக்கம் சாய்கிறார்கள். கம்பியைப் பிடிக்காதவர் பக்கத்திலிருப்பவர் மேல் விழுகிறார். வெளியே நின்று பார்ப்பவருக்கு இன்னொன்றும் தெரியும். பயணிகள் மட்டுமல்ல, பேருந்தின் உடலே இடப்பக்கம் சாய்கிறது!

அதே சேலம் சாலையில் எலவனாசூர்கோட்டை, தியாகதுருகம் கடந்து கள்ளக்குறிச்சிக்குப் போங்கள். அங்கிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டினால் கல்வராயன் மலை தொடங்குகிறது. சுமார் 1,095 சதுர கிலோமீட்டர் பரப்பில், பெரும்பாலும் 2,000 முதல் 3,000 அடி உயரத்தில் பரந்து கிடக்கும் மலை இது. வெள்ளிமலைக்குத் தார்ச்சாலை உண்டு. அதை விட்டு விலகி ஒரு மண்பாதையில் இறங்கிய ஜீப்பைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரு பக்கச் சக்கரம் பாறைமேல் ஏறுகிறது. அதே நேரத்தில் மறுபக்கச் சக்கரம் மழைநீர் அரித்த பள்ளத்தில் இறங்குகிறது.

நெடுஞ்சாலையில் வண்டி அதிகம் சாயக்கூடாது. மலைப்பாதையிலோ சக்கரங்கள் தத்தம் இஷ்டப்படி ஏறி இறங்க வேண்டும். ஒன்றுக்கொன்று முரணான இந்த இரண்டு தேவைகளுக்கும் நடுவே ஓர் எஃகுக் கம்பி இருக்கிறது. மெக்கானிக்குகள் அதை ஸ்டெபிலைசர் பார் என்பார்கள். ஸ்வே பார் என்ற பெயரும் உண்டு. நாம் அதைச் சாய்வுத் தடுப்புக் கம்பி என்று அழைப்போம். காடுமேடுகளில் ஓட்டும் வண்டிகள் சிலவற்றில் இந்தக் கம்பியைக் கழற்றிவிட்டுப் போகிறார்கள். ஏன் கழற்ற வேண்டும்? மறுபடி மாட்ட மறந்தால் என்ன ஆகும்? பார்ப்போம்.

வண்டி ஏன் சாய்கிறது?

வளைவில் வண்டியைத் திருப்பும் விசை எங்கிருந்து வருகிறது? டயருக்கும் தரைக்கும் இடையே உள்ள உராய்விலிருந்து வருகிறது. இதுவே மையநோக்கு விசை. அது தரைமட்டத்தில் செயல்படுகிறது. ஆனால் வண்டியின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீட்டருக்கும் மேலே இருக்கிறது. நிலைமத்தின் காரணமாக அது நேராகவே போக முயல்கிறது. அடிப்பகுதி ஒரு பக்கம் இழுக்கப்பட, மேற்பகுதி பின்தங்குகிறது. வளைவின் வெளிப்பக்கத்துச் சுருள்வில் அமுங்குகிறது. உட்பக்கத்துச் சுருள்வில் நீள்கிறது. உடல் சாய்கிறது.

ஒரு சிறு கணக்கு. 1,500 கிலோகிராம் நிறையுள்ள ஜீப் ஒன்று மணிக்கு 36 கி.மீ. வேகத்தில், அதாவது நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில், 25 மீட்டர் ஆரமுள்ள வளைவில் திரும்புகிறது. வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் முடுக்கம் 4. நிறையால் பெருக்கினால் விசை 6,000 நியூட்டன். அறுநூறு கிலோ எடையைக் கயிற்றில் கட்டிப் பக்கவாட்டில் இழுப்பது போன்றது இது. வேகம் இரண்டு மடங்கானால் இந்த விசை நான்கு மடங்காகும். இதை மறந்துவிடாதீர்கள், பிறகு தேவைப்படும்.

சாய்வைத் தடுக்கச் சுருள்வில்லையே கடினமாகச் செய்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். செய்யலாம், ஆனால் நேர்ச்சாலையின் சிறு மேடுகூடப் பயணிகளின் முதுகில் இடிக்கும். நேரே போகும்போது மிருதுவாகவும், வளையும்போது மட்டும் கடினமாகவும் இருக்கும் ஓர் அமைப்பு வேண்டும். கனடா நாட்டவரான ஸ்டீபன் கோல்மன் 1919-ஆம் ஆண்டில் இத்தகைய கம்பிக்கு முதல் காப்புரிமை பெற்றார்.

ஒரு சோதனை செய்து பாருங்கள்

சைக்கிள் கடையில் ஒரு பழைய போக்ஸ் கம்பி வாங்கிக்கொள்ளுங்கள். அதன் இரு முனைகளிலும் சுமார் 5 செ.மீ. நீளத்தை ஒரே பக்கமாகச் செங்குத்தாக மடியுங்கள். இப்போது அது ‘ப’ வடிவில் இருக்கும். நடுப்பகுதியை மேசை விளிம்பில் வைத்து, இரு கைகளும் விளிம்புக்கு வெளியே நீட்டியிருக்கும்படி செய்யுங்கள். நடுப்பகுதியின் மேல் இரண்டு துணி நாடாக்களைக் குறுக்காகப் போட்டு, நாடா முனைகளை மேசையில் அழுத்தமாக ஒட்டுங்கள். கம்பி நகரக்கூடாது, ஆனால் எளிதாக உருள வேண்டும். இதுதான் உங்கள் சாய்வுத் தடுப்புக் கம்பி. நீட்டிய கைகளின் முனைகள் இடது, வலது சக்கரங்களுடன் இணைந்திருப்பதாக வைத்துக்கொள்வோம்.

முதலில் இரு முனைகளையும் ஒன்றாக உயர்த்துங்கள். கம்பி உருள்கிறது, எந்த எதிர்ப்பும் இல்லை. சாலையில் குறுக்கே போட்ட வேகத்தடைமேல் இரு சக்கரங்களும் ஒன்றாக ஏறுவது இதைப் போன்றதே.

அடுத்து ஒரு முனையை மட்டும் உயர்த்துங்கள். மறுமுனையும் கூடவே எழுகிறது!

மூன்றாவதாக, மறுமுனையை விரலால் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டு முதல் முனையை உயர்த்துங்கள். கம்பி முறுக்கிக்கொண்டு உங்கள் விரல்களை எதிர்க்கிறது. வளைவில் நடப்பது இதுதான். வெளிப்பக்கச் சக்கரம் வண்டியின் உடலை நோக்கி மேலே ஏறப் பார்க்கிறது. உட்பக்கச் சக்கரம் கீழே இறங்கப் பார்க்கிறது. இரண்டின் இடைவெளி அதிகமாகாதபடி முறுக்கிய கம்பி இழுத்துப் பிடிக்கிறது. உடலின் சாய்வு குறைகிறது.

கம்பியின் பருமனுக்கு இதில் பெரும் பங்கு உண்டு. முறுக்கத்தை எதிர்க்கும் வலிமை விட்டத்தின் நான்காம் படிக்கு ஏற்ப மாறுகிறது. 20 மி.மீ. கம்பிக்குப் பதில் 24 மி.மீ. கம்பி போட்டால் விட்டம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடுகிறது. வலிமையோ இரண்டு மடங்குக்குச் சற்று மேலாகிவிடுகிறது.

மலையில் தடை

இப்போது நம் ஜீப்பைக் கல்வராயன் மலையின் மண்பாதைக்குக் கொண்டு செல்வோம். இடது சக்கரம் பாறைமேல் ஏறுகிறது. சோதனையின் இரண்டாவது படியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனை எழுந்தால் மறுமுனையும் எழுகிறது அல்லவா? பள்ளத்தில் இறங்கித் தரையைப் பற்ற வேண்டிய வலது சக்கரத்தைக் கம்பி மேலே இழுக்கிறது. சக்கரம் தரையை லேசாகத்தான் தொடுகிறது. சில வேளைகளில் அந்தரத்திலேயே தொங்குகிறது.

தொங்கினால் என்ன? இங்கேதான் டிஃபரென்ஷியல் என்னும் பற்சக்கரத் தொகுதி குறுக்கிடுகிறது. பூட்டு வசதி இல்லாத சாதாரண டிஃபரென்ஷியல், இரு சக்கரங்களுக்கும் ஏறத்தாழ ஒரே அளவு திருப்புவிசையையே தரும். பிடிப்பில்லாத சக்கரம் வெறுமனே சுழலும்போது அதற்குத் தேவைப்படும் விசை மிகக் குறைவு. ஆகவே பாறைமேல் நன்றாக ஊன்றியிருக்கும் சக்கரத்துக்கும் அந்தக் குறைந்த விசையே கிடைக்கிறது. எஞ்சின் உறுமுகிறது, ஒரு சக்கரம் சேற்றை வாரி இறைக்கிறது, வண்டி நின்ற இடத்திலேயே நிற்கிறது.

கம்பியைக் கழற்றிவிட்டால் ஒவ்வொரு சக்கரமும் தன் சுருள்வில் அனுமதிக்கும் வரை ஏறி இறங்கும். நான்கும் தரையைப் பற்றும். ஒரு பக்கம் கல்லில் ஏறும்போது உட்கார்ந்திருப்பவர்களின் தலை இப்படியும் அப்படியும் ஆடுவதும் குறையும். இருவர் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து ஓட்டும் ‘சைட் பை சைட்’ என்னும் சிறு வண்டிகளிலும் இதற்காகவே கம்பியைக் கழற்றுவோர் உண்டு. இவை காட்டுப்பாதை, மணல், பாறை ஆகியவற்றுக்காகவே செய்யப்பட்டவை.

எப்படிக் கழற்றுகிறார்கள்?

கம்பியின் முனையையும் சக்கரத்தைத் தாங்கும் கையையும் ‘லிங்க்’ என்னும் சிறு தண்டு இணைக்கிறது. அதிலுள்ள ஊசியை உருவினாலோ போல்ட்டைக் கழற்றினாலோ தொடர்பு அறுந்துவிடும். ஒரு பக்கம் விடுபட்டாலே கம்பி முறுக்க முடியாமல் போகும். எனினும், தொங்கும் தண்டு டயரிலோ பிரேக் குழாயிலோ உரசாதபடி, விடுபட்ட பாகத்தை உயர்த்திக் கட்டிவிட வேண்டும்.

இதைச் சமதளத்தில், எஞ்சினை நிறுத்தி, கை பிரேக் போட்ட பிறகே செய்ய வேண்டும். சரிவில் நிற்கும் வண்டியில் கம்பி ஏற்கெனவே முறுக்கியிருக்கும். முறுக்கிய எஃகில் ஆற்றல் சேமிப்பாகி இருக்கும். ஊசியை உருவியதும் அது விருட்டென்று விடுபட்டுக் கையை அடித்துவிடும்.

ஜீப் ராங்லர் ரூபிகான் என்னும் வண்டியில் இந்த வேலையை ஒரு பொத்தான் செய்கிறது. அதன் முன்புறக் கம்பி இரண்டு துண்டுகளாக இருக்கிறது. மின்மோட்டார் ஒன்று நடுவிலுள்ள பிணைப்பை விலக்கி அவற்றைப் பிரிக்கிறது. வேகம் மணிக்கு சுமார் 29 கி.மீ. தாண்டினால் அந்த அமைப்பு தானாகவே இரண்டையும் மீண்டும் சேர்த்துவிடுகிறது. இந்த ஏற்பாடு எதற்கு? மனிதன் மறந்துவிடுவான் என்பதற்காகத்தான்!

மாட்ட மறந்தால்?

மலையிலிருந்து இறங்கியவர் கம்பியை மாட்டாமலேயே கள்ளக்குறிச்சி தாண்டி உளுந்தூர்பேட்டை வரை விரைகிறார் என்று வைத்துக்கொள்வோம். நேர்ச்சாலையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆபத்து ஒளிந்திருப்பது அங்கேதான். திடீரென்று ஓர் ஆடு குறுக்கே வருகிறது. ஓட்டுநர் ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்புகிறார். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு என்று பார்த்தோமே. தடுப்பாரின்றி உடல் வெகுவாகச் சாய்கிறது. உடனே மறுபக்கம் திருப்பும்போது அந்தச் சாய்வு மறுபுறம் வீசியடிக்கிறது. ஈர்ப்பு மையம் வெளிப்பக்கச் சக்கரத்தை நோக்கி நகர்ந்துவிட்ட வண்டி கவிழ்வதற்கு இன்னும் சிறிது தூண்டுதலே போதும். மேலே சுமை ஏற்றிய வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். மலையிலேயும் பக்கச்சரிவில் குறுக்காகப் போகும்போது கம்பி இல்லாத வண்டி பள்ளத்துப் பக்கம் கூடுதலாகச் சாயும்.

அப்படியானால் கம்பி இருந்தால் எப்போதும் பாதுகாப்பு என்று முடிவு செய்யலாமா? அவசரப்படாதீர்கள்.

2009-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அமெரிக்காவில் யமஹா ரைனோ என்னும் சைட் பை சைட் வண்டிகளுக்கு இலவசப் பழுதுநீக்கம் அறிவிக்கப்பட்டது. அதன் 450, 660 வகைகள் தொடர்பான விபத்துகளில் 46 பேர் இறந்ததாக அந்நாட்டின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் தெரிவித்தது. ஆராயப்பட்ட விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வண்டி கவிழ்ந்தவை. பலர் இருக்கைப் பட்டையும் அணிந்திருக்கவில்லை. கவிழ்வதைக் குறைக்க அவர்கள் செய்தது என்ன தெரியுமா? பின்சக்கரங்களின் இடையே உள்ள அகலத்தைக் கூட்டினார்கள். பின்புறச் சாய்வுத் தடுப்புக் கம்பியை அடியோடு நீக்கினார்கள்!

இது முன்னே சொன்னதற்கு முரண் அல்ல. கம்பி உடலின் சாய்வைக் குறைக்கிறதே தவிர, உட்சக்கரத்திலிருந்து வெளிச்சக்கரத்துக்கு மாறும் பளுவை அழித்துவிடுவதில்லை. அந்தப் பளுமாற்றத்தில் முன் அச்சு எவ்வளவு தாங்க வேண்டும், பின் அச்சு எவ்வளவு தாங்க வேண்டும் என்பதைக் கம்பிகளே பெரிதும் பங்கிடுகின்றன. பின்னால் மட்டும் கடினமான கம்பி இருந்தால் பின்புறத்தின் பங்கு கூடும். இரு டயர்களுக்கிடையே பளு மிகவும் ஏற்றத்தாழ்வாகும்போது அவற்றின் மொத்தப் பிடிப்பு குறைகிறது. பின்புறம் வழுக்கி, ஓட்டுநர் நினைத்ததைவிட வண்டி கூர்மையாகத் திரும்பிவிடும். அகலம் குறைந்த, உயரமான வண்டிக்கு இது பொல்லாதது. ஆகவே முன்கம்பியைக் கழற்றுவதும் பின்கம்பியைக் கழற்றுவதும் ஒன்றல்ல. தயாரித்தவர்களின் கையேட்டைப் பார்க்காமல் எதையும் கழற்றக்கூடாது.

மாணவர்களே, கல்லூரி மாணவர்கள் தாங்களே காட்டுவண்டி வடிவமைத்து ஓட்டும் ‘பாஹா எஸ்ஏஇ இந்தியா’ போட்டி 2007 முதல் நம் நாட்டில் நடக்கிறது. நாளை உங்களில் சிலர் அதில் பங்குபெறலாம். சக்கரங்களைப் பிணைப்பதா, விடுவிப்பதா என்ற இதே கேள்வி அப்போது உங்கள் முன் வந்து நிற்கும். விடை கம்பியில் மட்டும் இல்லை. பாதையில், வேகத்தில், வண்டியின் உயரத்தில், அகலத்தில் இருக்கிறது. அதுவரை போக்ஸ் கம்பியோடு சோதனை செய்யுங்கள். அடுத்த முறை ஏதேனும் ஒரு ஜீப்பையோ காரையோ பழுதுபார்க்கத் தூக்கி நிறுத்தியிருந்தால், மெக்கானிக்கிடம் கேட்டு முன்பக்கத்தின் அடியில் பாருங்கள். இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே அந்த ‘ப’ வடிவக் கம்பி உங்கள் கண்ணில் படலாம்.