எலியின் தராசும் மனிதனின் புஜமும்



"இந்த ஸ்டீராய்டு டெஸ்டோஸ்டிரோனைவிட மூன்று மடங்கு தசை வளர்க்கும்!" ஜிம்களில் காதில் விழும் இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? பெரும்பாலும் எலியிடமிருந்து!

1953-இல் ஆய்வாளர் ஹெர்ஷ்பெர்கரும் சகாக்களும் வெளியிட்ட சோதனை முறை இது. விதை நீக்கிய ஆண் எலிக்குச் சில நாட்கள் மருந்து கொடுப்பார்கள். பிறகு ஆசனவாயை ஒட்டிய ஒரு தசையை எடுத்து நிறுத்துப் பார்ப்பார்கள். அதன் எடை கூடினால் 'தசை வளர்க்கும் மருந்து'. புரோஸ்டேட் சுரப்பியின் எடை கூடினால் 'ஆண்மை இயல்பைத் தூண்டும் மருந்து'. இந்த எடைகளை டெஸ்டோஸ்டிரோன் கொடுத்த எலியோடு ஒப்பிட்டுப் போடுவதே அந்தக் கணக்கு.

சிக்கல் இங்கேதான். அந்தத் தசை எலியின் இனப்பெருக்க உறுப்போடு சேர்ந்தது. ஆண் ஹார்மோனுக்கு அது காட்டும் வேகத்தைக் கை, கால் தசைகள் காட்டுவதில்லை. ஊசியா, மாத்திரையா என்பதைப் பொறுத்தும் முடிவு மாறும். எலியின் உடல் மருந்தைச் செரிக்கும் விதமும் நம்முடையது அல்ல. கல்லீரலும் இதயமும் படும் பாட்டை அந்த எண் சொல்லவே சொல்லாது.

2009-இல் ஓஈசிடி எனப்படும் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு இதே சோதனையை ஏற்றது; ஆனால் ரசாயனங்கள் ஆண் ஹார்மோனைப்போல் செயல்படுகின்றனவா, அதைத் தடுக்கின்றனவா என்று கண்டறிவதற்காக.

அதோடு, நம் நாட்டில் நான்ட்ரோலோன் போன்ற ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்பது சட்டம்.

எலிக்குப் போட்ட கணக்கை நம்பி உங்கள் உடம்பில் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள்!