மீனுக்கும் தனி அறை!

எங்கள் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் ஆறு தங்கமீன்கள். அதில் ஒன்றின் வால் ஓரம் வெளுத்து, நார் நாராய்க் கிழிய ஆரம்பித்தது. "போனா வேற வாங்கிக்கலாம்" என்றார் வீட்டுக்காரர். பையனோ சாப்பிடவே மாட்டேன் என்று அடம். "மருந்தைத் தொட்டியிலேயே ஊத்திடுங்க" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. எனக்கு மனசு ஒப்பவில்லை. பல மருந்துகள், தண்ணீரைச் சுத்தமாய் வைத்திருக்கும் நல்ல கிருமிகளையும் சேர்த்துக் கொன்றுவிடுமே!

சோப்பு படாத பெரிய பிளாஸ்டிக் டப்பில், பாதி தொட்டித் தண்ணீர், பாதி முதல் நாளே பிடித்து வைத்த தண்ணீர் என்று 20 லிட்டர் ஊற்றி, காற்றுக் குழாயைப் போட்டேன். கல், செடி எதுவும் போடவில்லை. கழிவு கண்ணுக்குத் தெரிய வேண்டும். அயோடின் கலக்காத கல் உப்பு நாலு டீஸ்பூன் கரைத்து விட்டேன். தினமும் 5 லிட்டர் மாற்றி, புதுத் தண்ணீருக்கு மட்டும் ஒரு டீஸ்பூன் உப்பு. தீனி ஒரு சிட்டிகைதான். வலையும் தனி. ஒன்பதாம் நாள் கிழிசல் ஓரத்தில் கண்ணாடி மாதிரி புது வால் துளிர்த்தது. பையனைப் பார்க்கணுமே!

வெள்ளைப் புள்ளி நோய்க்கு மட்டும் இது போதாது, தோழிகளே. அந்த ஒட்டுண்ணி மீனிலிருந்து உதிர்ந்து தொட்டியின் அடியில் பெருகும். தொட்டிக்கும் சேர்த்தே வைத்தியம் பார்க்கணும்.

இப்போதெல்லாம் புது மீன் வாங்கினாலும் மூன்று வாரம் டப்பில்தான். கடைக்காரர் சிரிக்கிறார். சிரிக்கட்டும்!

- ஒரு வாசகி, கும்பகோணம்.