கொலைகாரன் குருவானால்... சிரிக்கவைக்கும் சினிமாவும் சிந்திக்கவைக்கும் கேள்வியும்!

கூலிக்குக் கொலை செய்யும் ஒருவர், தனது 'தொழிலை' இளைஞர் ஒருவருக்குக் கற்றுத்தருகிறார். செய்தியாகப் படித்தால் அதிர்ச்சியளிக்கும் இந்தக் கரு, திரையில் அரங்கையே சிரிக்கவைக்கிறது. 'டார்க் காமெடி' எனப்படும் அவல நகைச்சுவைப் படங்களில் உலகெங்கும் மீண்டும் மீண்டும் கையாளப்படும் கதைக்களம் இது. கொலையைக் கண்டு ரசிகர்கள் சிரிப்பது ஏன்?

பிரான்சில் தொடங்கிய கதை

2010-ஆம் ஆண்டு வெளியான 'வைல்டு டார்கெட்' என்ற பிரிட்டன் திரைப்படம் இவ்வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பிரெஞ்சு இயக்குநர் பியர் சல்வடோரியின் 1993-ஆம் ஆண்டு படத்தின் மறுஆக்கமான இதனை இயக்கியவர் ஜோனதன் லின். 'யெஸ் மினிஸ்டர்' என்ற புகழ்பெற்ற அரசியல் நையாண்டித் தொடரை எழுதிய இருவரில் ஒருவர் இவர். அத்தொடர், மறைந்த நடிகர் பாரூக் ஷேக் நடிப்பில் 'ஜி மந்த்ரிஜி' என்ற பெயரில் இந்தியில் மறுஆக்கம் செய்யப்பட்டது குறிப்பிடத்தக்கது.

பரம்பரைக் கொலையாளியான விக்டர் வேடத்தில் பில் நை நடித்துள்ளார். குலத்தொழிலைத் தொடர வாரிசு இல்லையே என்பதுதான் அவருடைய தாயின் கவலை. போலி ஓவியத்தை விற்று மோசடி செய்த பெண்ணைக் கொல்ல அனுப்பப்படும் விக்டர், இறுதியில் அவளையே காக்க நேரிடுகிறது. இடையில் வந்து சேரும் டோனி என்ற இளைஞனை, தன்னைத் தனியார் துப்பறிவாளர் என்று கூறி, சீடனாக ஏற்றுக்கொள்கிறார். 'ஹாரி பாட்டர்' படங்களில் நடித்த ரூபர்ட் கிரின்ட்தான் அந்தச் சீடன்.

சிரிப்பின் ரகசியம்

கொலை, இங்கு தையல் வேலையைப் போலவோ தச்சு வேலையைப் போலவோ நடத்தப்படுகிறது. நேரந்தவறாமை, தூய்மை, தொழில் நேர்த்தி, தாயின் கண்டிப்பு என நல்லொழுக்கங்கள் அனைத்தும் தவறான இடத்தில் வந்து அமர்கின்றன. அந்த முரணே சிரிப்பாகிறது. சீடன் கதாபாத்திரத்திற்கும் ஒரு பணி உண்டு. பார்வையாளருக்கு எழும் ஐயங்களை அவனே கேட்கிறான். குரு விளக்க விளக்க, ரசிகரும் அறியாமலேயே அந்த வகுப்பறையில் ஒரு மாணவராகிவிடுகிறார்.

பலியானவர்கள் எங்கே?

இச்சிரிப்பு நிலைக்க ஒரு நிபந்தனை உள்ளது. கொல்லப்படுபவருக்குப் பெயரோ குடும்பமோ இருக்கக்கூடாது. அவருக்காக அழும் ஒருவரைத் திரையில் காட்டினாலே சிரிப்பு நின்றுவிடும்.

இந்த நிபந்தனையை வேண்டுமென்றே மீறிய படங்களும் உண்டு. 1992-ஆம் ஆண்டு வெளியான 'மேன் பைட்ஸ் டாக்' என்ற பெல்ஜியம் நாட்டுக் கருப்பு வெள்ளைப் படத்தில், தொடர் கொலையாளி ஒருவனை ஆவணப்படக் குழு பின்தொடர்கிறது. சடலத்தை நீரில் மூழ்கடிக்க எவ்வளவு எடை கட்டவேண்டும் என்பதை அவன் ஆசிரியரைப் போல விளக்குகிறான். முதலில் வேடிக்கை பார்க்கும் குழுவினர், பின்னர் சடலத்தைச் சுமக்கின்றனர். இறுதியில் குற்றங்களிலும் பங்கேற்கின்றனர். தொடக்கத்தில் சிரித்த பார்வையாளரால் இறுதிவரை சிரிக்க முடிவதில்லை.

மார்ட்டின் மெக்டோனா இயக்கிய 'இன் புரூஜ்' (2008) வேறு பாதையில் செல்கிறது. தனது முதல் கொலையின்போது, தவறுதலாக ஒரு சிறுவனையும் சுட்டுவிடும் இளைஞன், குற்ற உணர்வால் தன்னுயிரையே மாய்த்துக்கொள்ளத் துணிகிறான். அவனைக் கொல்லுமாறு உத்தரவு பெற்ற மூத்த கொலையாளியே அவனைத் தடுத்துக் காப்பாற்றுகிறார். இறந்த சிறுவனைப் படம் ஒருபோதும் மறப்பதில்லை. நகைச்சுவைக்கு அடியில் துயரம் ஓடிக்கொண்டே இருக்கிறது.

ரசிகர்களின் பங்கு

திரையில் கொலையைக் கண்டு சிரிப்பதாலேயே ஒருவர் வன்முறையை ஆதரிப்பவராகிவிடுவதில்லை. மரண பயத்தைத் தணித்துக்கொள்ள மனிதர்கள் கண்டறிந்த பழைய வழிகளில் நகைச்சுவையும் ஒன்று. ஆயினும், யாரை மறந்துவிட்டுச் சிரிக்கிறோம் என்பதை நினைவூட்டுவதே சிறந்த அவல நகைச்சுவையின் இயல்பு. அந்த வகையில், இப்படங்களில் குருவிடம் பாடம் கேட்பது சீடன் மட்டுமல்ல, அரங்கில் அமர்ந்திருப்பவர்களும்தான்.