மயக்கும் காளான்... மருந்தாகுமா?

ஐப்பசி பிறந்து நாலு நல்ல மழை விழுந்தால் போதும். நெய்வேலி டவுன்ஷிப்பில் எந்த வட்டத்துக்குப் போனாலும் சரி, குவார்ட்டர்ஸ் தோட்டத்திலும், மரத்தடியிலும், பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் மைதானத்து ஓரத்திலும் ராத்திரியோடு ராத்திரியாகக் குடை விரித்து நிற்கும் காளான்கள்! வெளியே முந்திரித் தோப்புப் பக்கம் புற்றுக் காளான் கிடைத்துவிட்டாலோ, அன்றைக்கு அந்த வீட்டில் கறிக்குழம்பு தோற்றுப் போகும்.

இந்தக் கட்டுரை குழம்புக் காளானைப் பற்றியதல்ல. வயிற்றுக்குள் போய் மூளையை ஆட்டி வைக்கும் சில காளான்கள் இருக்கின்றன. சாப்பிட்டவருக்குச் சுவர் மூச்சு விடுவது போலத் தெரியும். பாட்டுச் சத்தம் நிறமாகத் தெரியும். ஐந்து நிமிஷம் ஐந்து மணி நேரமாக நீளும். காலேஜ் பிள்ளைகள் 'மேஜிக் மஷ்ரூம்' என்று குசுகுசுப்பது இதைத்தான்.

"நமக்கெதுக்குங்க இந்த வம்பு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது இரண்டு வழியாக உங்கள் வீட்டு வாசலுக்கு வருகிறது. ஒன்று, நண்பர்களோடு கொடைக்கானல் டூர் கிளம்பும் பையன் அல்லது பெண். இன்னொன்று, வருஷக் கணக்கில் மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஒருவர், 'காளானால் மனச்சோர்வு குணமாகிறது' என்று செல்போனில் வரும் செய்தியைப் படித்துவிட்டு மாத்திரை டப்பாவைத் தூர வைப்பது. எனக்கு முதலாமவரைவிட இரண்டாமவரைப் பற்றித்தான் கவலை அதிகம்.

பேங்க் அதிகாரி சாப்பிட்ட காளான்

மெக்சிகோவின் பழங்குடி மக்கள் இந்தக் காளானைச் சாமி காரியமாகவே பயன்படுத்தி வந்தார்கள். 16-ம் நூற்றாண்டில் அங்கே போன பெர்னார்டினோ டி சஹாகுன் என்ற ஸ்பானியப் பாதிரியார் இதைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். அதன் பிறகு வெளியுலகம் இதை ஏறக்குறைய மறந்தே போனது.

மறுபடி வெளியே கொண்டு வந்தவர் விஞ்ஞானி அல்ல. கார்டன் வாசன் என்ற நியூயார்க் பேங்க் அதிகாரி! அவர் மனைவி வாலன்டினா, ரஷ்யாவில் பிறந்த குழந்தை நல டாக்டர். 1927-ல் தேனிலவுக்குப் போன இடத்தில் அந்தம்மா காட்டுக் காளானைப் பார்த்துக் குதூகலமாக ஓடிப் போய்ப் பறிக்க, 'ஐயோ விஷம்!' என்று கணவர் பதறியிருக்கிறார். ஒரே காளானை ஒரு நாட்டுக்காரர் கொண்டாடவும் இன்னொரு நாட்டுக்காரர் அருவருக்கவும் காரணம் என்ன என்று ஆரம்பித்த ஆராய்ச்சி, 1955-ல் மெக்சிகோவின் வாஹாகா மலையில் உள்ள ஒரு கிராமம் வரை கொண்டு போய் விட்டது. அங்கே மரியா சபினா என்ற வைத்தியச்சி நடத்திய ராத்திரிச் சடங்கில் வாசனும் காளானைச் சாப்பிட்டார். 1957-ல் 'லைஃப்' பத்திரிகையில் அந்த அனுபவத்தை எழுதினார். ஊர் உலகமே படித்தது.

வைத்தியச்சியின் பெயரை அவர் மாற்றித்தான் எழுதினார். ஆனால் விலாசம் கண்டுபிடிப்பது பெரிய காரியமா? போதை தேடி வெளிநாட்டு இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக அந்தக் கிராமத்தில் வந்து குவிந்தார்கள். போலீஸ் வந்தது. ஊர் அந்தம்மாவைத்தான் குற்றம் சொன்னது. வீட்டையே கொளுத்தினார்கள். நோயைக் குணமாக்கத்தான் அந்தக் காளானை அவர் காலமெல்லாம் கையாண்டார். 1985-ல் ஏழையாகவே இறந்தார்.

வாசனோடு போன பிரெஞ்சுக் காளான் நிபுணர் ரோஜர் ஹெய்ம், அந்தக் காளான்களை இனம் கண்டு பாரிஸில் வளர்த்தார். அவற்றை சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்த ஆல்பர்ட் ஹாஃப்மனுக்கு அனுப்பினார். எல்.எஸ்.டி.யைக் கண்டுபிடித்தவர் இவர்தான். 1958-ல் காளானுக்குள் இருந்த சரக்கைத் தனியாகப் பிரித்தெடுத்து 'சைலோசைபின்' என்று பெயர் வைத்தார்.

வாசன் அதோடு நிற்கவில்லை. ரிக் வேதத்தில் வரும் சோமபானம்கூட ஒரு காளானின் சாறுதான் என்று 1968-ல் ஒரு புத்தகமே போட்டார். அவர் சொன்னது சிவப்புக் குடையில் வெள்ளைப் புள்ளி வைத்த அமானிட்டா மஸ்காரியா. அதில் சைலோசைபின் கிடையாது, வேறு ரசாயனம். சமஸ்கிருத அறிஞர்கள் பலர் இந்த வாதத்தை ஏற்கவில்லை. சோமம் எந்தச் செடி என்பது இன்றைக்கும் வழக்குத் தீராத விஷயம்தான்.

நம்ம ஊர்ச் சங்கதி

மெக்சிகோவை விடுங்கள், நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நிறைய இருக்கிறது. நீலம் பாரிக்கும் சாணிக் காளான் ஒன்றுக்கு 'சயனெசன்ஸ்' என்று பெயர். அதை 1871-ல் முதன்முதலாக விஞ்ஞானப் பெயர் சூட்டிப் பதிவு செய்தபோது கையில் இருந்த மாதிரி நம் பக்கத்து இலங்கையிலிருந்து வந்தது. மாட்டுச் சாணத்தில் முளைக்கும் இதுபோன்ற காளான்களுக்கு மலைக் குளிர்தான் வேண்டும் என்றில்லை.

சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் கே. நடராஜன் தமிழ்நாட்டுக் காளான்களைக் காடு மேடெல்லாம் தேடிப் பட்டியல் போட்டவர். நம்ம புற்றுக் காளான் வகை ஒன்றுக்கு 1979-ல் பெயர் வைக்கும்போது, மேலே சொன்ன ரோஜர் ஹெய்மைக் கௌரவிக்கும் விதமாக 'ஹெய்மி' என்று வைத்தார். பிறகு மெக்சிகோ நிபுணர் காஸ்டன் குஸ்மான், தமிழ்நாட்டில் கிடைத்த ஒரு சைலோசைபி இனத்துக்கு 'நடராஜனி' என்று பெயர் வைத்தார். குழம்புக் காளானுக்கு பிரெஞ்சுக்காரர் பெயர், அந்த வகைக் காளானுக்கு நம்மூர்க்காரர் பெயர்! காளான் உலகத்தில் கொடுக்கல் வாங்கல் இப்படி.

கொடைக்கானல் கதைக்கு வருவோம். வட்டக்கானல், பூம்பாறை, மன்னவனூர் என்று மலைக் கிராமங்களின் பெயரோடு இந்தக் காளானும் சேர்ந்து ஊர் ஊராகப் பரவிவிட்டது. விற்பவர்களைப் போலீஸ் பிடிப்பதும், மறுபடி ஆள் முளைப்பதும் செய்தித்தாளில் படிக்கிறோம். ராத்திரி நெய்வேலியில் வேன் ஏறினால் காலையில் கொடைக்கானல். "அம்மா, அது கெமிக்கல் இல்லம்மா, காட்டுல முளைக்கிறது, நேச்சுரல்" என்று பையன் சொன்னால் என்ன பதில் சொல்வீர்கள்? அரளி விதையும் மண்ணில் முளைப்பதுதான் என்று சொல்லுங்கள்.

மூளைக்குள் என்ன நடக்கிறது?

சைலோசைபின் உடம்புக்குள் போனதும் 'சைலோசின்' ஆக மாறுகிறது. நம் மூளையில் மனநிலை, தூக்கம், பசி எல்லாவற்றிலும் பங்கு வைத்திருக்கும் செரடோனின் என்ற ரசாயனத்தின் சாயலில் இது இருக்கும். கள்ளச் சாவி மாதிரி, செரடோனினுக்கென்று உள்ள பூட்டுகளில் ஒரு வகையில் போய் உட்கார்ந்து திறந்துவிடுகிறது. 'நான், எனது' என்று நமக்குள் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும் மூளை வலைப்பின்னல் ஒழுங்கு கலைகிறது. சாதாரணமாக ஒன்றோடு ஒன்று பேசாத பகுதிகள் பேச ஆரம்பிக்கின்றன. அதனால்தான் சத்தத்துக்கு நிறம் தெரிகிறது.

அரை மணி, முக்கால் மணியில் ஆரம்பித்து நாலு முதல் ஆறு மணி நேரம் வரை இது நீடிக்கும். நாடித் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும். சாராயம், அபின் போல உடம்பைத் தினமும் 'கொண்டா கொண்டா' என்று கேட்க வைப்பது இதில் குறைவு என்பது உண்மை. அதைப் பிடித்துக்கொண்டு 'ஆபத்தே இல்லை' என்பவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள்.

மீதிப் பாதி இது. பயம் பிடித்துக்கொண்டால் ஆறு மணி நேரமும் பயம்தான், நடுவில் இறங்க முடியாத பஸ். பள்ளத்தாக்கு ஓரத்தில் நிற்பவனுக்குப் பள்ளம் பள்ளமாகத் தெரியாது. குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவோ, மிதமிஞ்சிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ நோயோ இருந்தால், அதுவரை தூங்கிக் கிடந்த நோயை ஒரே ஒரு ராத்திரி எழுப்பிவிடக்கூடும். 'தாத்தாவுக்குச் சித்தம் கலங்கியிருந்தது' என்பதை நம் வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்வதே இல்லை. மூடி வைத்த அந்த விஷயத்தை வளர்ந்த பிள்ளைகளிடம் சொல்லியே ஆகவேண்டும். இருதுருவ நோய்க்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இந்தக் காளானால் வலிப்பு வந்ததாகவும் மருத்துவப் பதிவுகள் உண்டு.

மாத்திரையை நிறுத்தாதீங்க!

1960-களில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் திமோதி லியரி என்ற மனநூல் ஆசிரியர் இந்த ஆராய்ச்சியை ஆரம்பித்துவிட்டு, ஆராய்ச்சியாளர் வேலையை விட்டுப் பிரசாரகர் ஆகிவிட்டார். 1963-ல் வேலை போனது. 1971-ல் ஐ.நா. ஒப்பந்தம் சைலோசைபினை மிகக் கடுமையான கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. அதோடு ஆராய்ச்சி பல வருஷம் படுத்துவிட்டது. 2006-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோலண்ட் கிரிஃபித்ஸ் கவனமாக நடத்திய ஆய்வு வெளிவந்த பிறகுதான் விஞ்ஞானிகள் மறுபடி இந்தப் பக்கம் திரும்பினார்கள். 2016-ல் புற்றுநோயாளிகளின் மரண பயத்தையும் சோர்வையும் இது குறைப்பதாக ஆய்வுகள் வந்தன.

2022-ல் வந்த பெரிய ஆய்வைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். மற்ற மருந்துக்கு மசியாத மனச்சோர்வு உள்ள 233 பேர். ஒரே ஒரு தடவை மருந்து. 25 மில்லிகிராம் பெற்றவர்களில் மூன்று வாரம் கழித்து நோய் அடங்கியவர்கள் 100-க்கு 29 பேர். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வெறும் 1 மில்லிகிராம் பெற்றவர்களில் 8 பேர். நல்ல சேதிதான், மறுக்கவில்லை. ஆனால் மீதி 71 பேர்? அவர்களுக்கு நோய் அடங்கவில்லை. தலைவலி, குமட்டல், தலைசுற்றல் நிறைய இருந்தது. சிலருக்குத் தற்கொலை எண்ணமும் தலைகாட்டியது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவர்கள் சாப்பிட்டது காளான் அல்ல. ஆய்வுக்கூடத்தில் தயாரித்து, மில்லிகிராம் கணக்கில் அளந்த மாத்திரை. முன்னும் பின்னும் ஆலோசனை, பக்கத்திலேயே பயிற்சி பெற்றவர், நாள் முழுக்கக் காவல். மனச்சிதைவு உள்ளவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். 2023 ஜூலையிலிருந்து ஆஸ்திரேலியாவில் அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் மட்டும், மற்ற மருந்துகளுக்கு மசியாத மனச்சோர்வுக்கு இதைக் கொடுக்கலாம். நம் நாட்டில் ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுக்கும் மருந்தாக இது இல்லை.

ஆகவே, நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து தூக்கம் வராமல் புரண்டு, மனசு விட்டுப் போய், டாக்டர் கொடுத்த மாத்திரையில் இப்போதுதான் கொஞ்சம் தேறி வருகிற ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், செல்போன் செய்தியை நம்பி மாத்திரையை அவர் நிறுத்தக்கூடாது. திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரும், பழைய சோர்வும் திரும்பலாம். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையா? டாக்டரிடமே சொல்லுங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 'டெலி மானஸ்' 14416 எண்ணுக்கு எந்த நேரமும் போன் செய்யலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

சட்டத்தையும் ஒரு வரி. சைலோசைபின் 1985-ம் வருஷத்துப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. வைத்திருப்பது, விற்பது, சாப்பிடுவது மூன்றுமே குற்றம். 2025 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் ஒரு ஜாமீன் வழக்கில், காளானின் மொத்த எடையையும் போதைப்பொருளாகக் கணக்கிட முடியாது என்று சொன்னது. 'கோர்ட்டே சரின்னு சொல்லிடுச்சு' என்று சில பிள்ளைகள் அதைத் திரித்துக்கொள்கிறார்கள். எடையை எப்படிக் கணக்குப் போடுவது என்பதுதான் அங்கே கேள்வி.

தோட்டத்துக் காளான்

போதைக் காளான் என்று நினைத்துப் பறித்ததோ, குழம்புக் காளான் என்று நினைத்துப் பறித்ததோ, தப்பான காளானாக இருந்தால் உயிருக்கே ஆபத்து. பழுப்பு நிறப் போதைக் காளான்களின் சாயலிலேயே கலேரினா என்ற கொடிய விஷக் காளானும் உண்டு. 2022 ஏப்ரலில் அஸ்ஸாமில் காட்டுக் காளான் சாப்பிட்டு 13 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் தேயிலைத் தோட்டத்துக் குடும்பங்கள், ஒரு குழந்தையும் உண்டு.

வெள்ளிக் காசு கறுக்கவில்லை, பூச்சி அரித்திருக்கிறது, அதனால் நல்ல காளான் என்பதெல்லாம் வெறும் நம்பிக்கை. கொதிக்க வைத்தாலும் அமாட்டாக்சின் விஷம் சாகாது. புல்வெளியில் வட்டமாக முளைக்கும் பெரிய வெள்ளைக் குடைக் காளான் ஒன்று, பச்சை நிற வித்து உடையது, பார்க்க லட்சணமாக இருக்கும். சாப்பிட்ட இரண்டு மூன்று மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் பின்னி எடுத்துவிடும். இது சீக்கிரம் காட்டிக் கொடுப்பதால் பரவாயில்லை. அமாட்டாக்சின் அப்படியல்ல. 6 முதல் 12 மணி நேரம் வரை ஒன்றுமே தெரியாது. பிறகு வாந்தி, பேதி. இரண்டாம் நாள் 'தேவலையே' என்று தோன்றும். அந்த நேரத்தில்தான் கல்லீரல் உள்ளே வெந்துகொண்டிருக்கும். மூன்றாம் நாள் மஞ்சள் காமாலை.

அதனால் காட்டுக் காளான் சாப்பிட்டு ஆறு மணி நேரம் கழித்து வாந்தி ஆரம்பித்தால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எத்தனை மணிக்குச் சாப்பிட்டது, யார் யார் சாப்பிட்டது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றும் ஆகாத மாதிரி இருப்பவர்களையும் கூடவே அழைத்துப் போங்கள். பையன் கொடைக்கானலில் என்ன சாப்பிட்டான் என்பதை டாக்டரிடம் மறைக்க வேண்டாம், வெட்கம் பார்க்கிற நேரமல்ல அது. மிச்சக் காளான், சமைத்த குழம்பு, வாந்தி எடுத்தது எதுவானாலும் கொஞ்சம் எடுத்துப் போங்கள். பச்சைக் காளானை மட்டும் பிளாஸ்டிக் கவரில் போடாதீர்கள், வேர்த்து அழுகி அடையாளம் தெரியாமல் போய்விடும். செய்தித்தாளில் மடித்து, அடித்தண்டோடு எடுத்துப் போங்கள்.